யாரும் பேசாமலேயே திறந்த கராஜ் கதவு: எப்படி?

"கராஜ் கதவைத் திற" என்று யாருமே சொல்லவில்லை. ஆனாலும் கதவு திறந்தது!

2019-ல் அமெரிக்கா, ஜப்பான் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். குரல் கட்டளைக்கு ஏற்ப ஒளியைக் கூட்டிக் குறைத்து, ஸ்மார்ட் ஸ்பீக்கரின் மைக் மீது லேசரைப் பாய்ச்சினார்கள். ஒளியைச் சத்தம் என்றே மைக் எடுத்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி வழியாகவும் இது வேலை செய்தது. 110 மீட்டர் தூரத்திலிருந்தும் கட்டளை எடுபட்டது.

'பின் நம்பர் இருக்கே' என்கிறீர்களா? தப்பான பின்னை எத்தனை முறை சொன்னாலும் லாக் ஆகாத சாதனம் என்றால், ஒவ்வொன்றாக முயன்றே கண்டுபிடித்துவிடலாம்.

என்ன செய்யலாம்?

ஸ்பீக்கரை ஜன்னல் பார்வையில் படாத இடத்துக்கு மாத்துங்க. குரலால் 'திறக்கும்' வசதியை ஆஃப் பண்ணிடுங்க. 'மூடுவது' மட்டும் போதும். முக்கியமா, கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவையும் பூட்டுங்க. பலரும் மறப்பது அதைத்தான்.