த பென்சில் ஆஃப் நேச்சர்

த பென்சில் ஆஃப் நேச்சர் (பொருள்: இயற்கையின் தூரிகை) என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் எழுதிய நூல் ஆகும். 1844 ஜூன் முதல் 1846 ஏப்ரல் வரை ஆறு பகுதிகளாக வெளிவந்தது. லண்டனில் இயங்கிய லாங்மன் நிறுவனம் இதனை வெளியிட்டது. ஒளிப்படங்களுடன் விற்பனைக்கு வந்த முதல் நூலாக இது கருதப்படுகிறது. கட்டடம், பீங்கான், கண்ணாடிப் பாத்திரம், சிலை, தாவர இலை, லேஸ் துணி, பழைய அச்சுப் பக்கம் முதலியவற்றைக் காட்டும் 24 படங்கள் இதில் உள்ளன. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறிப்பு உண்டு. ஒளிப்படம் எதற்கெல்லாம் பயன்படும் என்று அந்தக் குறிப்புகள் விளக்குகின்றன.

பின்னணி

டால்பட் (1800–1877) வில்ட்ஷயர் பகுதியில் உள்ள லேகாக் மாளிகையில் வாழ்ந்தவர். கணிதம், ஒளியியல், தாவரவியல் ஆகிய துறைகளில் ஈடுபாடு கொண்டவர். 1833-இல் இத்தாலியின் கோமோ ஏரிக் கரையில், காட்சியைத் தாளில் வரைய உதவும் ஒரு முப்பட்டகக் கருவியைப் பயன்படுத்திப் பார்த்தார். படம் சரியாக வரவில்லை. கை வரையத் தவறுவதை ஒளியே தாளில் பதிக்கலாகாதா என்ற எண்ணம் அப்போது அவருக்குத் தோன்றியது. 1835-இல் தம் வீட்டுச் சன்னலின் உருவத்தைத் தாளில் எதிர்ப்படிமமாகப் பதிவு செய்தார்.

1839-இல் பிரான்சு நாட்டின் டாகுவேர் தமது முறையை அறிவித்தார். அம்முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் மிகத் துல்லியமான படம் கிடைத்தது. ஆனால் ஒரு தகட்டிலிருந்து படிகள் எடுக்க இயலாது. டால்பட் 1841-இல் காப்புரிமை பெற்ற கலோடைப்பு முறையில் ஓர் எதிர்ப்படிமத்திலிருந்து பல நேர்ப்படிமங்களை எடுக்கலாம். ஒளிப்படத்தைப் புத்தகத்தில் சேர்க்க வழிவகுத்தது இந்த வேறுபாடே.

டால்பட்டின் நூலுக்குச் சற்று முன்னதாக, 1843-இல், ஆனா அட்கின்சு என்ற பெண்மணி பிரித்தானியக் கடற்பாசிகளின் நீலநிற ஒளிப்பதிவுகளைக் கொண்ட நூலின் முதல் பகுதியை உருவாக்கியிருந்தார். அது விற்பனைக்கு வரவில்லை. அறிந்தவர்களுக்கு மட்டும் வழங்கப்பட்டது.

படங்கள் உருவான முறை

முதலில் தாள் உப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்தப்படும். பின்னர் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் பூசப்படும். அதனால் ஒளிபட்டால் கருக்கும் வெள்ளிக் குளோரைடு தாளில் உண்டாகும். அதன்மேல் எதிர்ப்படிமத்தை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால் நேர்ப்படிமம் உருவாகும். ஒவ்வொரு படமும் இவ்வாறு தனித்தனியே எடுக்கப்பட்டுப் புத்தகத்தில் கையால் ஒட்டப்பட்டது. டால்பட்டிடம் முன்பு பணியாளராக இருந்த நிக்கோலாஸ் ஹென்னமன் ரெடிங் நகரில் நடத்திய கூடத்தில் இப்பணி நடந்தது. வெயில் இல்லாத நாளில் வேலை இல்லை.

அக்கால வாசகர்கள் செதுக்குத் தகட்டால் அச்சிட்ட படங்களையே பார்த்துப் பழகியவர்கள். ஆகவே, இப்படங்கள் ஓவியர் கை படாமல் ஒளியால் மட்டுமே உருவானவை என்று தெரிவிக்கும் சிறு அறிவிப்புத் தாளும் நூலில் வைக்கப்பட்டது.

பீங்கான் படம்

மூன்றாவது படம் அடுக்குகளில் வரிசையாக வைத்த பீங்கான் பொருள்களைக் காட்டுகிறது. பழைய பீங்கான்களைச் சேர்ப்பவர் தம் சேகரிப்பு முழுவதையும், எழுத்தில் பட்டியலிடுவதற்கு ஆகும் நேரத்தைவிடச் சற்றே கூடுதலான நேரத்தில் படமாக்கிவிடலாம் என்கிறார் டால்பட். தேநீர்க் கெண்டியின் வடிவம் விசித்திரமாக இருக்க இருக்கச் சொற்களைவிடப் படமே பயன் தரும். அப்பொருள்களைத் திருடன் கொண்டுபோனால், இந்தப் படத்தை நீதிமன்றத்தில் காட்டலாம். அது புதுவகைச் சான்றாக இருக்கும் என்றும் அவர் எழுதினார். நீதிபதி அதை ஏற்பாரா என்பதைச் சட்டம் அறிந்தவர்களின் ஊகத்துக்கு விட்டுவிட்டார். இன்று அருங்காட்சியகங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் காவல்துறையும் செய்யும் பதிவின் எண்ணம் இச்சிறு குறிப்பிலேயே காணப்படுகிறது.

ஆனால் இப்பதிவில் நிறம் இல்லை. அதோடு, எல்லா நிறங்களும் தாளில் ஒரே வேகத்தில் பதிவதில்லை. நீலம் ஏறக்குறைய வெண்மையைப் போலவே விரைவாகப் பதியும். பச்சை மிக மெதுவாகப் பதியும். எனவே நீலப் பூவேலை செய்த வெண்பீங்கானில் பூவுக்கும் தளத்துக்கும் உள்ள வேறுபாடு குறைந்துவிடும். வெண்பீங்கானையும் கண்ணாடியையும் ஒன்றாக வைத்தால், கண்ணாடி பதியத் தொடங்கும் முன்பே பீங்கான் பதிந்து முடிந்துவிடும் என நான்காவது படக் குறிப்பு எச்சரிக்கிறது.

சிலையும் மனித உருவமும்

ஐந்தாவது, பதினேழாவது படங்கள் பட்ரோகிளசு என்ற கிரேக்க வீரனின் மார்பளவுச் சிலையைக் காட்டுகின்றன. சிலை வெண்மையானது, அசையாதது. அதைச் சிறிது திருப்பினாலும் வெளிச்சத்தை மாற்றினாலும் முகத்தோற்றம் மாறுவதை ஆராயலாம். வெயிலில் நிழல் அழுத்தமாக விழுவதால் மேகமூட்டமான நாள் நல்லது. வெயிலில் எடுப்பதானால் ஒரு பக்கம் வெள்ளைத் துணியைப் பிடித்து ஒளியைத் திருப்பலாம் என்பது டால்பட்டின் அறிவுரை. இன்றைய ஒளிப்பட நிலையங்களிலும் இதே உத்தி பயன்படுகிறது.

மனிதர்களை முதன்மையாகக் காட்டும் படம் பதினான்காவதாகிய 'ஏணி' மட்டுமே. அதில் மூவர் உள்ளனர். அசையாமல் இருந்தால், குழுவைப் படமெடுக்க ஒருவரைப் படமெடுப்பதைவிட அதிக நேரம் ஆகாது என்று அதன் குறிப்பு கூறுகிறது. ஓவியரோ ஆள் கூடக்கூட அதிக நாள் உழைக்க வேண்டும்.

மங்கிய படங்கள்

டால்பட் மேலும் பல பகுதிகளை வெளியிட எண்ணியிருந்தார். வாங்குவோர் குறைந்ததால் ஆறாவது பகுதியோடு நூல் நின்றது. அதைவிடப் பெரிய சிக்கல், படங்கள் மங்கியது. முழுமையாகக் கழுவி நீக்கப்படாத வேதிப்பொருள்கள் தாளிலேயே தங்கி வெள்ளியை அரித்தன. 1846-இல் 'ஆர்ட் யூனியன்' இதழுக்காக ஹென்னமன் கூடம் ஆயிரக்கணக்கில் தயாரித்த படங்களும் மங்கிப் பெயரைக் கெடுத்தன. சான்றாக நிற்கும் என்று சொல்லப்பட்ட படம் தானே அழியத் தொடங்கியது.

இதற்குத் தீர்வாக டால்பட் தம் பிற்கால உழைப்பை வேறு திசையில் செலுத்தினார். ஒளியால் உலோகத் தகட்டைச் செதுக்கி, அழியாத அச்சு மையால் படம் அச்சிடும் முறைகளுக்கு 1852-இலும் 1858-இலும் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் புத்தகங்களில் ஒளிப்படங்களை மையால் அச்சிட்ட முறைகளுக்கு இவை முன்னோடிகளாயின.

இன்றைய நிலை

நூலின் முழுமையான பிரதிகள் அரியவை. அவற்றில் ஒரே படம் ஒன்றில் தெளிவாகவும் மற்றொன்றில் வெளிறியும் காணப்படலாம். ஒளியால் உருவான இப்படங்களுக்கு ஒளியே பகை என்பதால், அருங்காட்சியகங்கள் இவற்றைக் குறைந்த வெளிச்சத்தில் சில காலம் மட்டுமே காட்சிக்கு வைக்கின்றன. 1989-இல் நியூயார்க்கில் இதன் உருவநேர்ப் பதிப்பு வெளியிடப்பட்டது. அசல் பக்கங்களைத் தொடாமலேயே டால்பட்டின் பீங்கான் அடுக்கைக் காண இத்தகைய பதிப்புகளும் எண்ணிமப் படிகளும் உதவுகின்றன.