கொய்யாவும் முப்புரிக் கயிறும்

கொய்யாத் தோட்டங்கள் சூழ்ந்த ஆயக்குடியில், புரதப் பாடத்தைக் கொய்யாப் பழத்தைக் காட்டித்தான் தொடங்குகிறேன். "இதில் புரதம் குறைவுதானே?" என்பார்கள் மாணவர்கள். உண்மைதான். ஆனால், கொய்யாவில் மிகுந்துள்ள வைட்டமின் சி இல்லாமல் நம் உடலின் முக்கியப் புரதம் ஒன்று உறுதி பெறாது. தோல், எலும்பு, ஈறு ஆகியவற்றைத் தாங்கும் கொலாஜன்தான் அது. நம் உடல் புரதத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு இதுவே.

மூன்று நூல்களைக் கொடுத்து முறுக்கச் சொல்வேன். கொலாஜனிலும் மூன்று அமினோ அமிலச் சங்கிலிகள் இப்படியே கயிறாக முறுக்கிக்கொள்கின்றன. இந்த முச்சுருள் அமைப்பை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முன்மொழிந்தவர்கள் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.

சங்கிலியிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்துடன், செல்லுக்குள் ஒரு நொதி ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கிறது. அப்போதுதான் உடல் வெப்பத்தில் முறுக்கு பிரியாமல் நிற்கும். அந்த நொதியும் ஒரு புரதமே. அதைச் செயல்நிலையில் வைத்திருப்பது வைட்டமின் சி. அது மிகவும் குறைந்தால் ஸ்கர்வி நோய் வரும்: ஈறில் இரத்தம் கசியும், புண் ஆறத் தாமதமாகும்.

'புரதம் உடலை வளர்க்கும்' என்ற ஒரு வரியோடு நிறுத்தினால், வடிவமே பணியைத் தீர்மானிக்கிறது என்பது மாணவர்க்குப் புரியாமலே போகும். முறுக்கிய நூலைப் பிரித்துக் காட்டி, "இப்போது ஈறு என்னாகும்?" என்று கேட்டுப் பாருங்கள். விடையை அவர்களே சொல்வார்கள்.