ஆன்லைன் சண்டை ஆட்டத்தில் கைதேர்வது எப்படி?

சண்டை வீடியோ கேமில் வெல்வதற்கு விரல் வேகம் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 2023-இல் வெளிவந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம் (படச்சட்டம்) வேகத்தில் ஓடுகிறது. ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. மிக வேகமான குத்துகள் 4 ஃபிரேமில், அதாவது சுமார் 67 மில்லிநொடியில் வந்து விழும். கண் பார்த்துக் கை அசைய மனிதருக்குப் பொதுவாக 200 மில்லிநொடிக்கு மேல் ஆகும். ஆகவே அந்தக் குத்தைப் பார்த்த பிறகு தடுக்க யாராலும் முடியாது. வரும் என்று முன்பே ஊகித்தவரே தடுக்கிறார். பலவிதமான எதிராளிகளின் பழக்கங்களைக் கண்டால்தான் அந்த ஊகம் கூர்மையாகும். அவர்களை வீட்டுக்கே கொண்டுவருகிறது ஆன்லைன் ஆட்டம்.

இணையத் தாமதம் பயிற்சியைக் கெடுக்காதா என்று கேட்கலாம். பழைய முறையில் கெடுத்தது உண்மை: எதிராளி அழுத்திய பொத்தானின் தகவல் வந்துசேரும்வரை ஆட்டமே காத்திருந்தது. டோனி கேனன் உருவாக்கிய ஜிஜிபிஓ மென்பொருளால் பரவிய ‘ரோல்பேக்’ முறை அப்படிக் காத்திருப்பதில்லை. எதிராளி என்ன செய்வார் என்று ஊகித்து ஆட்டத்தை நகர்த்தும். ஊகம் தவறினால் பின்னால் போய்த் திருத்தும். அதனால் நம் கைக்கும் திரைக்கும் உள்ள இடைவெளி பெரிதாக மாறாது. ஆனாலும் தொலைதூர எதிராளியோடு ஆடும்போது காட்சி துள்ளும். எனவே நேரடிப் போட்டிக்கு ஆன்லைன் ஆட்டம் முழு மாற்று அல்ல. நிறைய ஆடினாலே தேறிவிடலாம் என்பதும் சரியில்லை. காரணம் தெரியாமல் ஆடினால் தவறே பழக்கமாகிவிடும். தோற்றதும் ரீப்ளேயைப் பாருங்கள். அடி வாங்கிய ஒரே ஒரு கட்டத்தைப் பயிற்சிப் பகுதியில் திரும்பத் திரும்ப ஆடிப் பாருங்கள். அடுத்த எதிராளியை அதன் பிறகு தேடலாம்.