கைடு வாங்குமுன் ஒரு கணக்கு

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர் பலர், பதினோராம் வகுப்பின் இயற்பியலிலும் கணிதத்திலும் திணறுவதைக் காண்கிறோம். காலாண்டுத் தேர்வின் விடைத்தாள் கைக்கு வந்ததும், சரவணம்பட்டியானாலும் சத்தியமங்கலமானாலும், மாணவர் முதலில் தேடிப் போவது கைடு விற்கும் கடையைத்தான். ஒன்றுக்கு மூன்றாக வாங்கி வந்தும் அரையாண்டில் மதிப்பெண் உயரவில்லை என்றால், குறை எங்கே இருக்கிறது? நூலிலா, படிக்கும் முறையிலா?

துணைநூல் படிப்பது தவறன்று. ஐயம்பெருமாள் கோனார் எழுதிய தமிழ் உரைநூல்கள் தலைமுறை தலைமுறையாக மாணவர்க்கு உதவின. 'கோனார் நோட்ஸ்' என்ற பெயரே துணைநூலுக்குப் பொதுப் பெயர் போல ஆயிற்று. ஆனால் துணைநூல் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

ராமானுஜனின் கைடு

1887-ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்த கணித மேதை சீனிவாச ராமானுஜன், கும்பகோணத்தில் மாணவராக இருந்தபோது 1903-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அதை எழுதிய கார் என்பவர், தேர்வுக்கு மாணவரைத் தயார் செய்த ஆங்கிலேய ஆசிரியர். அந்த நூலும் தேர்வு எழுதுவோர்க்கான ஒரு கைடு போன்றதே. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களும் சூத்திரங்களும் அதில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. நிரூபணங்கள் மிகச் சுருக்கம். பல இடங்களில் இல்லவே இல்லை.

ராமானுஜன் அவற்றை மனப்பாடம் செய்வதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்க முற்பட்டார். சாதாரணமான ஒரு தொகுப்பு நூல், படித்தவரின் உழைப்பால் பெரும்பயன் தந்தது. கதையின் மறுபக்கத்தையும் மறக்கலாகாது. கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களை விட்டுவிட்டதால், 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த அவர் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. ஒரு பாடத்தின் ஆர்வம் இன்னொரு பாடத்தின் குறையை நிரப்பாது.

படித்தது போன்ற தோற்றம்

கைடில் விடையைப் படிக்கும்போது எல்லாம் புரிந்தது போல் இருக்கும். நூலை மூடினால் நினைவுக்கு வராது. ஏன்? ஒன்றைப் பார்த்ததும் 'இது தெரிந்ததுதான்' என்று அடையாளம் காண்பது எளிது; பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துத் தருவது கடினம். தேர்வில் வேண்டுவது இரண்டாவது திறமை.

2006-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மாணவர் ஓர் உரைநடைப் பகுதியை இருமுறை படித்தனர். இன்னொரு பகுதியை ஒருமுறை படித்து, பின் அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்த பகுதியே கூடுதலாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்தோ, இருமுறை படித்த பகுதியில் 42 விழுக்காடும், எழுதிப் பார்த்த பகுதியில் 56 விழுக்காடும் நினைவு கூர்ந்தனர். தேர்வன்று காலையில் புரட்டிய பக்கம் உதவுவதும், மாதக்கணக்கில் புரட்டிய பக்கம் மறந்துபோவதும் இதனால்தான்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடையில் நின்றபடியே ஒரு சோதனை செய்யலாம். உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு கல்லை நேர் மேலே எறிந்தால் எவ்வளவு உயரம் போகும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால் விடை 20 மீட்டர். ஒரு கைடு சூத்திரத்தைப் போட்டு விடையை மட்டும் தரும். இன்னொன்று, உச்சியில் கல்லின் வேகம் சுழி ஆவதைச் சொல்லி, அங்கிருந்து தொடங்கும். வாங்கத் தக்கது பின்னதே.

அடுத்து, நூல் எந்தப் பாடத்திட்டத்திற்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும், அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. அவற்றுக்கு முந்திய கைடு மலிவாகக் கிடைத்தாலும் பாடநூலோடு ஒத்துப்போகாது. பாடத்திற்கு ஒரு கைடு போதும். பாடநூலே முதல் நூல், மற்றது துணை.

விட்டதைப் பிடிக்கும் வழி

மேற்சொன்ன கணக்கைச் சற்று மாற்றுவோம். அதே கல்லை 25 மீட்டர் உயரமுள்ள நீர்த்தொட்டியின் மேலிருந்து அதே வேகத்தில் மேல்நோக்கி எறிந்தால், எத்தனை நொடியில் தரையை அடையும்? தரை, எறிந்த இடத்திற்குக் கீழே இருப்பதால் இடப்பெயர்ச்சி −25. காலத்தை 'கா' என்று கொண்டால், −25 = 20கா − 5கா². சுருக்கினால் கா² − 4கா − 5 = 0. காரணிப்படுத்தினால் 5, −1 என்று இரு விடைகள். எறிவதற்கு முன் கல் விழ முடியாது. ஆகவே 5 நொடி.

இதில் நீங்கள் எங்கே நின்றீர்கள்? −25 என்று எழுதுவதிலா? அப்படியானால் திசையும் குறியும் புரியவில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பார்க்க வேண்டும். காரணிப்படுத்துவதிலா? அப்படியானால் குறை இயற்பியலில் இல்லை. பத்தாம் வகுப்பின் இருபடிச் சமன்பாட்டில் இருக்கிறது. அதற்கு இயற்பியல் கைடு எத்தனை வாங்கினாலும் பயனில்லை. பழைய கணிதப் பாடநூலின் சில பக்கங்களே மருந்து.

ஆகவே, பின்தங்கியவர் முதல் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டியதில்லை. அப்படித் தொடங்கினால் வகுப்பில் இன்று நடக்கும் பாடமும் கைவிட்டுப் போகும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால், 40 நிமிடம் அன்றைய பாடத்திற்கு. 20 நிமிடம் விட்டுப்போனதற்கு. சிக்கிய இடத்திலிருந்து பின்னோக்கிச் சென்று, அறுந்த கண்ணியை மட்டும் பொருத்துங்கள். போட்ட கணக்கை மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, விடையைப் பாராமல் மீண்டும் போடுங்கள். அப்போதும் நின்றால் அந்த வரியைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் செல்லுங்கள். 'எனக்கு ஒன்றும் புரியவில்லை' என்பவருக்கு உதவுவது கடினம். 'இந்த வரியில் ஏன் கழித்தல் குறி?' என்று கேட்பவருக்கு இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.