இன்டர்நெட் பில்லிங்குக்கு மாறும் முன் தராசைக் கவனியுங்கள்

பில் போடும் மென்பொருளைக் கடைக் கம்ப்யூட்டரிலேயே ஏற்றி வைத்திருந்த வணிகர்கள் பலர், இப்போது குரோம் போன்ற பிரவுசரைத் திறந்து இன்டர்நெட் வழியாகவே பில் போடும் முறைக்கு மாறி வருகிறார்கள். குடோனில் இருந்தபடியே இருப்பைப் பார்க்கலாம்; கணக்கு நேராக ஆடிட்டருக்குப் போய்விடும்; கம்ப்யூட்டர் பழுதானாலும் கணக்கு அழியாது. இவை உண்மையான வசதிகளே. ஆனால் விற்க வருகிறவர்கள் காட்டும் செயல்விளக்கத்தில் பெரும்பாலும் தலைகாட்டாத பொருள் ஒன்று உண்டு. அது நம் மேஜை மேல் இருக்கும் எடைத் தராசு.

மளிகை, பருப்பு மண்டி, இனிப்புக் கடை, இரும்புக் கடை என எடை போட்டு விற்கும் எந்தத் தொழிலிலும் பில்லின் முதல் எண் தராசிலிருந்துதான் வருகிறது. அதைக் கண்ணால் பார்த்துக் கையால் அடிக்கும்போது 1.285 கிலோ முந்திரி 1.258 என்று விழுந்தால் 27 கிராம் போயிற்று. கிலோ 900 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் 24 ரூபாய் 30 காசு நம் கல்லாவிலிருந்து நட்டம். அதுவே 12.85 என்று விழுந்தால் வாடிக்கையாளர் கூச்சல் போடுவார். பண்டிகைக் கூட்டத்தில் எத்தனை முறை இப்படி விழுந்தது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தராசு தானே எடையைப் பில்லுக்கு அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கான வாசல் மின்னணுத் தராசுகள் பலவற்றின் பின்புறம் இருக்கிறது. ஒன்பது ஊசிகள் கொண்ட அந்த இணைப்பைத்தான் சீரியல் போர்ட் என்கிறோம். ஆர்.எஸ். 232 என்னும் இந்த முறை 1960-ல் வந்தது. கம்ப்யூட்டர்களில் யு.எஸ்.பி. வந்து பல காலமான பிறகும் தராசு, லாரி எடைமேடை ஆகியவற்றில் இதுவே நிலைத்து நிற்கிறது. தகவல் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, பொதுக் கம்பி ஒன்று, ஆக மூன்று கம்பிகளே போதும்.

பார்கோடு ஸ்கேனர் எந்தப் பிரவுசரிலும் வேலை செய்கிறதே, தராசுக்கு மட்டும் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்கேனர் பொதுவாகத் தன்னை ஒரு கீபோர்டு போலக் கம்ப்யூட்டரிடம் காட்டிக் கொள்கிறது. யாரோ எண்ணைத் தட்டியதாகவே கம்ப்யூட்டர் நினைக்கிறது. சீரியல் தராசு அப்படியல்ல. அதன் போர்ட்டை ஒரு மென்பொருள் திறந்து படிக்க வேண்டும். எங்கோ இருக்கும் இணையதளம் நம் கம்ப்யூட்டரின் போர்ட்டைத் திறக்கலாகாது என்று பிரவுசர் தடுத்து வைத்திருந்தது. தடுத்ததும் நியாயமே. கண்ட தளமெல்லாம் நம் கருவிகளைத் தொட்டால் என்ன ஆகும்? முன்பு ஜாவா ஆப்லெட் வைத்து இந்தத் தடையைத் தாண்டினார்கள். 2015-ல் குரோம் அந்த வழியை அடைத்துவிட்டது.

இன்று இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, 2021 மார்ச்சில் குரோமின் 89-ஆம் பதிப்பில் வந்த வெப் சீரியல் என்னும் வசதி. பிரவுசரே போர்ட்டைத் திறக்கும். ஆனால் கடைக்காரர் பட்டனை அழுத்தி, இன்ன போர்ட் என்று தேர்ந்தெடுத்து அனுமதி தர வேண்டும். தளமும் பூட்டுப் போட்ட பாதுகாப்பான முகவரியில் இருக்க வேண்டும். எட்ஜ் பிரவுசரிலும் இது உண்டு. ஐபேட், ஐபோனில் கிடையாது.

இரண்டாவது வழி, கடைக் கம்ப்யூட்டரில் ஒரு சிறு மென்பொருளை நிறுவுவது. அது போர்ட்டைப் படித்து, அதே கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் பில் பக்கத்துக்கு எடையைக் கைமாற்றிக் கொடுக்கும். எந்தப் பிரவுசரானாலும் நடக்கும். ஆனால் காலையில் அது ஓடவில்லை என்றால் எடை வராது. நம் கருத்தில், ஒரே கல்லா உள்ள கடைக்கு முதல் வழி போதும். நாலைந்து கல்லா, எடைமேடை என்று வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்கு இரண்டாவதே தோது.

எந்த வழியானாலும் தகராறு வரும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றே. தராசு எந்த வேகத்தில் அனுப்புகிறதோ அதே வேகத்தில் கம்ப்யூட்டர் கேட்க வேண்டும். 9600 என்பது பரவலான வேகம். உங்கள் தராசின் கையேட்டைப் பார்த்துக் கொள்வது நல்லது. வேகம் பொருந்தாவிட்டால் எண்ணுக்குப் பதில் கிறுக்கல் எழுத்துகள் வரும். தராசு கெட்டுவிட்டது என்று எண்ணி மெக்கானிக்குக்குப் பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்! விண்டோஸில் ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்கும் என்பதால், பழைய பில்லிங் திறந்து கிடந்தால் புதியதற்கு எடை வராது.

இன்றைய கம்ப்யூட்டர்களில் ஒன்பது ஊசி வாசல் அரிது, யு.எஸ்.பி. மாற்றி ஒயர் வாங்க வேண்டியிருக்கும். அதில் மலிவு பார்க்காதீர்கள். 2014 அக்டோபரில் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் டிரைவர் விண்டோஸ் அப்டேட்டோடு வந்தபோது, அந்த நிறுவனத்தின் பெயரில் இருந்த போலிச் சில்லுகள் செயலற்றுப் போயின. போலி என்று அறியாமல் வாங்கியவர்களுக்கும் அதே கதிதான். இன்னொன்று, மாற்றி ஒயரை வேறு துளையில் செருகினால் போர்ட்டின் எண் மாறிவிடக்கூடும். செருகிய துளையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள்.

இவற்றைவிடப் பெரிய விஷயம் ஆடும் எடை. சில தராசுகள் நிற்காமல் எடையை அனுப்பிக் கொண்டே இருக்கும். மூட்டை வைத்த வேகத்தில் முள் ஆடுவதுபோல எண்ணும் ஆடும். அந்த நொடியில் பட்டனைத் தட்டினால் ஆடிய எடையே பில்லில் ஏறும். நல்ல தராசுகள் எண்ணுடன், நிலைத்த எடையா ஆடும் எடையா என்ற குறியையும் அனுப்புகின்றன. அந்தக் குறியைப் பார்த்து, நிலைத்த பிறகே எடையை ஏற்கும்படி மென்பொருளை எழுதச் சொல்லுங்கள். பாத்திர எடை கழித்ததா கழிக்காததா என்பதையும் கேளுங்கள். தராசிலும் கழித்து மென்பொருளிலும் கழித்தால், டப்பா எடை நம் தலையில் இரண்டு முறை விழும்.

தராசில் சீரியல் வாசல் இல்லையென்றால் "திறந்து பொருத்தித் தருகிறோம்" என்று சிலர் வருவார்கள். முத்திரைச் சீலை உடைத்துச் செய்யும் எந்த வேலையையும் அனுமதிக்காதீர்கள். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, உரிமம் பெற்றவரே தராசைப் பழுது பார்க்கலாம். பிறகு மீண்டும் முத்திரை இடப்பட வேண்டும். மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை மறுமுத்திரை உண்டு என்பதை நம் உறுப்பினர்கள் அறிவார்கள். ரேஷன் கடைகளிலும் விற்பனைக் கருவியைத் தராசுடன் இணைப்பதை ஊக்குவிக்க 2021 ஜூனில் ஒன்றிய அரசு விதிகளைத் திருத்தியது.

ஆகவே புதிய பில்லிங் விற்க வருபவரிடம், அவர் கொண்டு வரும் லேப்டாப்பில் காட்ட வேண்டாம், நம் கல்லாவில், நம் தராசில் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். ஒரு கிலோ எடைக்கல்லை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பாருங்கள். தராசின் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள்; பழைய எடையே திரையில் நின்றால் அந்த மென்பொருளைத் திருப்பி அனுப்பலாம். இன்டர்நெட்டைத் துண்டித்தும் பாருங்கள். தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே ஒயர் இருக்கும்போது எடை வந்து கொண்டுதான் இருக்க வேண்டும். லைன் திரும்பும் வரை பில்லை எங்கே வைத்திருப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக் கொண்டு, அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.