மாலுமியை மாற்றினால் மட்டும் போதுமா?

பாம்பன் பாலத்தின் கீழுள்ள குறுகிய நீர்வழியில் கப்பலைச் செலுத்துவது எளிய காரியமன்று என்பது இராமநாதபுரம் கடற்கரைவாசிகள் யாவரும் அறிந்ததே. பாறையும் நீரோட்டமும் அறிந்த வழிகாட்டி ஒருவனின் சொற்படியே மரக்கலம் நகர வேண்டும். பாதி வழியில் அவனைக் கீழே இறக்கிவிட்டு வேறொருவனைச் சுக்கானருகே நிறுத்துவோமென்று எந்தக் கப்பல் சொந்தக்காரரும் துணிந்து கூற மாட்டார். ஆனால் கால்பந்து உலகில் இத்துணிவே இப்போது ராஜதந்திரமாகக் கொண்டாடப்படுகிறது.

இங்கிலாந்தில் இவ்வழக்கம் முற்றி வேரூன்றிவிட்டது. லீட்ஸ் கிளப் 1974-ம் வருஷத்தில் பிரையன் கிளப் என்னும் பெயர்பெற்ற மானேஜரை 44 நாட்களில் வீட்டுக்கு அனுப்பிற்று. யாரும் எதிர்பாராத விதமாக லெஸ்டர் கோஷ்டிக்கு 2016-ம் வருஷத்தில் சாம்பியன் பட்டத்தை வாங்கித் தந்த கிளாடியோ ரனியேரி, ஒன்பதே மாதங்களில், 2017 பிப்ரவரியில் விலக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்து கோஷ்டியைச் சரிவினின்று மீட்ட கிரெய்க் ஷேக்ஸ்பியருக்கு ஜூன் மாதத்தில் நிரந்தர உத்தியோகம் அளித்தார்கள். அக்டோபரில் அவரையும் நீக்கினார்கள். 2025-ம் வருஷத்தில் நாட்டிங்ஹாம் பாரஸ்ட் கிளப், பருவம் தொடங்கிச் சில வாரங்களுக்குள் ஒருவரை விலக்கி ஆங்கே போஸ்டகோக்ளுவை அமர்த்தியது. அவருக்குக் கிடைத்த ஆயுள் 39 நாட்களே. சம்பள ஒப்பந்தத்தின் மை உலர்வதற்குள் வேலை போகிறது.

அயல்நாட்டு விநோதம் என்று இதை நாம் ஒதுக்கிவிட முடியாது. நமது சென்னை நகரத்தின் கோஷ்டியான சென்னையின் எப்.சி.யும் இதே அனுபவத்தைப் பெற்றிருக்கிறது. ஜான் கிரெகரி என்ற ஆங்கிலேயர் 2017-18 பருவத்தில் அக்கோஷ்டிக்கு இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை ஈட்டித் தந்தார். அடுத்த பருவத்தில் அதே கோஷ்டி, அதே மனிதரின் தலைமையில், 18 பந்தயங்களில் 9 புள்ளிகள் மட்டுமே பெற்றுக் கடைசி ஸ்தானத்துக்கு இறங்கிற்று. நிர்வாகிகள் அப்போதும் அவரை விலக்கவில்லை. அப்பொறுமையைப் பாராட்ட வேண்டும். மூன்றாம் பருவத்தின் முதல் ஆறு பந்தயங்களில் ஒரே ஒரு ஜயம் கிடைத்த பின்னரே, 2019 நவம்பர் இறுதியில், இரு தரப்பாரும் உடன்பட்டுப் பிரிந்தனர்.

அதன்பின் நிகழ்ந்தது மாற்றத்தை ஆதரிப்போருக்குப் பெரிய சான்றாக அமைந்தது. ஓவன் காயில் டிசம்பரில் பொறுப்பேற்றார். துவண்டு கிடந்த கோஷ்டி எழுந்து நின்று, 29 புள்ளிகளுடன் நான்காம் இடத்தைப் பிடித்தது. அரையிறுதியில் கோவாவை வென்றது. 2020 மார்ச் 14-ந் தேதி, கொள்ளைநோயின் காரணமாக ஜனங்களின்றி வெறிச்சோடிக் கிடந்த மட்காவ் மைதானத்தில் இறுதிப் பந்தயம் ஆடி, 3-1 என்ற கணக்கில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. கோஷ்டியிடம் தோற்றது. கடைசி வரிசையிலிருந்து இறுதிப் பந்தயம் வரை! ஆகவே மாற்றம் ஒருபோதும் பயன் தராது என்று கூறுவது உண்மைக்கு மாறானதாகும். செல்ஸி கிளப்பும் 2021 ஜனவரியில் தாமஸ் டூகெலை நியமித்து, அவ்வருஷம் மே மாதத்தில் ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியதல்லவா?

ஆனால் இரண்டொரு உதாரணங்களைக் கண்டு மயங்கலாகாது. நமது கடற்கரையில் பல நாட்கள் வலை வெறுமையாக வந்தால், படகுச் சொந்தக்காரர் படகோட்டியை மாற்றுவதுண்டு. மறு வாரம் காற்றும் நீரோட்டமும் திரும்பி மீன் வருகிறது. புதியவனைக் கைராசிக்காரன் என்று ஊர் புகழ்கிறது. பழையவன் இருந்திருந்தாலும் மீன் வந்திருக்குமா என்று கேட்பார் எவருமில்லை. ஹாலந்து தேசத்தின் கால்பந்துக் கணக்குகளை 1986 முதல் 2004 வரை ஆராய்ந்த பொருளாதார நிபுணர் ஒருவர் இக்கேள்வியையே கேட்டார். மானேஜரை மாற்றிய கிளப்புகளும், அதே அளவு சரிவில் இருந்தும் மாற்றாத கிளப்புகளும், ஏறக்குறைய ஒரே விதமாகவே மீண்டு வந்தன என்று அவர் கண்டார். நிலைமை மிகவும் கீழிறங்கிய நாளில்தான் மானேஜர் நீக்கப்படுகிறார். அடித்தளத்தைத் தொட்ட பின், மேலே வருவதைத் தவிர வேறு திசை அதிகமில்லை!

பொறுமையின் பலனுக்கும் சான்று உண்டு. 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்த அலெக்ஸ் பெர்குஸன், 1989-90 பருவத்தில் 13-ம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அன்று அவரை நீக்கியிருந்தால் குறை கூறியவர் சிலரே இருந்திருப்பர். நீக்கவில்லை. அவர் லீக் பட்டத்தை முதலில் வென்றது 1993-ல். ஓய்வு பெற்றது 2013-ல்.

சென்னையின் கிளப்பின் இரண்டாவது அனுபவத்தையும் கவனிப்போம். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் ஐந்து கோல்களில் தோற்றதன் பின் போஸிதார் பாந்தோவிச் நீக்கப்பட்டார். துணைப் பயிற்சியாளராக இருந்த சையது சாபிர் பாஷாவின் தலையில் எஞ்சிய பந்தயங்கள் சுமத்தப்பட்டன. இம்முறை அதிசயம் ஏதும் நிகழவில்லை; கோஷ்டி எட்டாம் இடத்தில் நின்றது. வியப்பதற்கு என்ன இருக்கிறது? ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தவர் வேறொருவர்; பயிற்சி முறையை வகுத்தவர் வேறொருவர்; நாட்களோ சில. ஓட்டைப் படகைக் கையில் கொடுத்துக் கரை சேர்க்கச் சொல்வதற்கு இது ஒப்பாகும்.

நமது தேசத்துப் பயிற்சியாளர்களுக்குப் பெரும்பாலும் இவ்விதமான வாய்ப்புகளே கிடைத்து வந்திருக்கின்றன என்பதே நம் மனத்தை உறுத்தும் விஷயம். கப்பல் நன்றாக ஓடும்போது அயல்நாட்டு மாலுமி. புயலில் மட்டும் நம்மவர்! 2021 ஜனவரியில் வடகிழக்கு யுனைடெட் கிளப் தன் ஸ்பானிய மானேஜரை விலக்கிக் காலித் ஜமீலைத் தற்காலிகமாக அமர்த்தியது. அவர் கோஷ்டியை அரையிறுதிக்குக் கொண்டுசென்ற பின்னரே அவருக்கு நிரந்தரப் பதவி கிடைத்தது. அந்த லீக்கில் நிரந்தரப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. 2025 ஆகஸ்டில் அவரே இந்திய தேசியக் கோஷ்டியின் பயிற்சியாளரானார். திறமை முன்பே இருந்தது. நம்பிக்கைதான் தாமதமாக வந்தது.

2025 ஜூலையில் சென்னையின் கிளப், கோவாவைச் சேர்ந்த கிளிபர்ட் மிராண்டாவைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆனால் லீக் நடத்தும் உரிமை பற்றிய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் பருவமே ஐயத்துக்கிடமாகி, மறு மாதமே கிளப் தன் காரியங்களை நிறுத்தி வைத்தது. ஒரு பந்தயமும் தோற்காமலே ஒரு மனிதரின் வேலை அந்தரத்தில் தொங்கிற்று. இதற்கும் மானேஜரா பொறுப்பாளி?

பரிகாரம் என்ன? சட்டம் போட்டுத் தடுக்கலாமென்பர் சிலர். பிரேஸில் 2021-ம் வருஷத்தில் ஒரு பருவத்தில் ஒரே மாற்றம் என்று விதி செய்தது. "இரு தரப்பாரும் உடன்பட்டுப் பிரிந்தோம்" என்ற வாசகத்தினுள் கிளப்புகள் புகுந்து தப்பின. அடுத்த வருஷமே விதி கைவிடப்பட்டது. ஆகவே சட்டத்தைவிட மனப்பான்மையே மாற வேண்டும். ஆட்டக்காரரை வாங்குவது முதலாளி, பருவத்தை வகுப்பது லீக், தோல்விக்குத் தண்டனை மட்டும் மானேஜருக்கு என்ற முறை நீதியாகாது. கடமை தவறியவரை நீக்குக. அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் நீக்குமுன் நிர்வாகிகள் தங்கள் பங்கையும் ஜனங்கள் அறியச் சொல்ல வேண்டும். துணைப் பதவிகளில் காத்திருக்கும் நம்மவருக்குப் பருவத்தின் தொடக்கத்திலேயே பொறுப்பைத் தர வேண்டும்; ஆபத்தின் நடுவில் அல்ல.

இராமேசுவரம் மணலில் மாலை தோறும் பந்துதைக்கும் சிறுவர்களில் ஒருவன் நாளை ஆட்டக்காரனாகலாம். அதற்கடுத்த காலத்தில் பயிற்சியாளனும் ஆகலாம். ஒரு வாரத் தோல்வியில் வாழ்வு முடிந்துபோகும் தொழிலாக அதை அவனிடம் ஒப்படைக்கப் போகிறோமா என்பதே கேள்வி. கப்பலைப் பழுது பாராமல் மாலுமியை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர், எத்தனை மாலுமிகளை மாற்றினாலும் அக்கரை காண மாட்டார்.