அம்மா சொல்லாததும் நான் சொன்னதும்

1988. எனக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரசில் அம்மாவைச் சென்னை அடையாறு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். "வயித்துல கட்டியாம். நீ பரீட்சைக்குப் படி" என்றார் அத்தை. வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "கரண்டு வைக்கிறாங்களாம்" என்று அடுப்படியில் யாரோ கிசுகிசுத்தது கதவுக்குப் பின்னால் நின்ற என் காதில் விழுந்தது. கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் ஊரில் அப்படிச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. அம்மா உடம்பில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள் என்று நினைத்து இரவெல்லாம் அழுதேன்.

திரும்பி வந்த அம்மா ஒருநாள் கண்ணாடி முன் நின்றிருந்தாள். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, மடித்து, உருட்டி, ரவிக்கையின் இடப்பக்கம் வைத்துப் பார்த்தாள். சரியாக உட்காரவில்லை. எடுத்து மறுபடி மடித்தாள். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "படிச்சியா?" என்றாள். அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தாள். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

அவள் தொடக்கப் பள்ளி ஆசிரியை. மார்பில் கட்டி தட்டுப்பட்டும், 'முழுப்பரீட்சை லீவுல பாத்துக்கலாம்' என்று மாதக்கணக்கில் சும்மா இருந்திருக்கிறாள். பின்னால்தான் தெரிந்தது.

தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, விடாமல் போராடி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிவைத்தது அந்த அடையாறு மருத்துவமனை. அம்மா போனபோது அதற்கு முப்பத்து நான்கு வயது. மருத்துவம் அவ்வளவு தூரம் வந்திருந்தது. எங்கள் வீட்டின் வாய்தான் திறக்கவில்லை.

2019. எனக்கு நாற்பத்தாறு. வங்கி வேலை. குளிக்கும்போது மார்பில் பட்டாணி அளவில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. எல்லாம் தெரிந்த நானும், 'மார்ச் கணக்கு முடியட்டும்' என்று ஏழு வாரம் தள்ளிப்போட்டேன். முப்பது ஆண்டில் எங்கள் குடும்பத்தில் மாறாதது இது ஒன்றுதான். இதை எழுதும்போதும் நெஞ்சு பதறுகிறது.

பரிசோதனை முடிவு வந்த அன்று மாலையே பிளஸ் ஒன் படிக்கும் மகளை உட்காரவைத்து, கேன்சர் என்ற சொல்லைச் சொல்லியே சொன்னேன். அவள் மூன்று கேள்வி கேட்டாள். "செத்துருவியாம்மா? எனக்கும் வருமா? ஸ்கூல்ல சொல்லலாமா?"

முதல் கேள்விக்கு, டாக்டர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். இரண்டாவதற்கு, மார்பகப் புற்றுநோயில் பெரும்பகுதி பரம்பரையாக வருவதில்லை என்றேன். ஆனாலும் அம்மாவுக்கும் சிறு வயதிலேயே வந்ததால் எனக்கு மரபணுப் பரிசோதனை செய்தார்கள், பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் மாற்றம் இல்லை என்று வந்தது. மூன்றாவதற்கு, "தாராளமா சொல்லு" என்றேன்.

மார்பை முழுதாக எடுக்காமல், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கும் போதும் என்று 1980களிலேயே ஆய்வுகள் காட்டியிருந்தன. எனக்கு அப்படித்தான் செய்தார்கள், கூடவே கீமோவும் கொடுத்தார்கள். வேட்டித் துணிக்கு வேலை வரவில்லை. அம்மா குடல் புரள வாந்தியெடுத்தாள். எனக்குக் கீமோவுக்கு முன்பே வாந்தியைத் தடுக்கும் மருந்து ஏறிவிடும். சிவப்பு மருந்து ஏறிய நாளில், "சிறுநீர் சிவப்பாப் போகும், பயப்படாதம்மா" என்று முன்கூட்டியே சொன்னவள் மகள். முடி கொட்டத் தொடங்கியதும் அவளே தன் அப்பாவின் டிரிம்மரை எடுத்து வழித்துவிட்டாள். அம்மாவுக்காக அப்பா நகைகளை அடகு வைத்தார். நான் போனபோது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு கீமோவுக்கு வந்து உட்காரும் பெண்களைப் பார்த்தேன். பெரிய ஆறுதல் அது.

மகளிடம் சொன்னதற்கு ஒரு விலையும் இருந்தது. நள்ளிரவில் போனில் யார் யார் எத்தனை வருடம் பிழைத்தார்கள் என்று தேடிக்கொண்டிருந்தாள். மதிப்பெண் சரிந்தது. மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கே தாயாகிப்போனாள். உண்மையைச் சொல்வது வேறு, பிள்ளையின் தலையில் பாரத்தை ஏற்றுவது வேறு என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை டாக்டரிடம் அவளையும் கூட்டிப் போனேன். அவளுடைய கேள்விகளுக்கு அவர் பதில் சொன்னார். மாத்திரைப் பொறுப்பு அவள் அப்பாவுக்குப் போனது. அவள் மறுபடி டியூஷனுக்குப் போனாள்.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு ஒன்று. மார்பில் வரும் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லையே என்று பரீட்சை முடியவும் மார்ச் முடியவும் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே போய்க் காட்டுங்கள். நோய்தான் என்று தெரிந்தால், வீட்டிலிருக்கும் பெண்பிள்ளைக்கு அதை முதலில் உங்கள் வாயால் சொல்லுங்கள்.